காட்டான் இலக்கணம்: பேராக் வழக்கு

பாயிரத்துக்கு எட்டு உறுப்பு என்பர். அவற்றுள் ஆக்கியோன் பெயரை இங்கே விட்டுவிடுகிறோம். ஆக்கியோன் ஈப்போவில் ஒரு தாமானில் குடியிருக்கிறான். அக்கம்பக்கத்தார் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள். எல்லை, பழைய நூலுக்கு வேங்கடமும் குமரியும். இந்நூலுக்கு வடக்கே கிரிக், தெற்கே தஞ்சோங் மாலிம், கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர், மேற்கே கப்பல் வந்த கடல். நுதலிய பொருள், நகரத்தான் நாட்டுப்புறத்தானை இழித்துச் சொல்லும் சொற்களும் அவை வந்த வழியும். கேட்போர், தீபாவளிக்கு முதல் நாள் பேருந்தில் இடம் கிடைக்காமல் நிற்போர். பயன், ஒருவன் இன்னொருவனை 'எஸ்டேட்டு' என்று சொன்னால் எந்த விதிப்படி சொன்னான் என்பதை இருவரும் அறிந்துகொள்வது. அதனால் கைகலப்பு குறையும் என்று உறுதி தர இயலாது.

விதி பழையதே. நன்னூலார் ஆகுபெயர்களை அடுக்கும்போது பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறை முன்னே வைத்தார். 'ஊர் சிரித்தது' என்றால் கூரையும் தெருவுமா சிரித்தன? ஊரார் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் இதைப் படிப்பவர்கள் தேர்வோடு மறந்துவிடுகிறார்கள். தெருவில் வைகிறவன் ஒருநாளும் மறப்பதில்லை. 'எஸ்டேட்டு வருது பாரு' என்கிறான். வருவது ரப்பர்த் தோட்டமன்று. தலையில் எண்ணெய் வழிய, சட்டையின் மேல் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு வரும் பதினெட்டு வயதுப் பையன். ஆளைத் தூக்கிவிட்டு, அவனைச் சேர்ந்த வேறொன்றை அவன் இருந்த இடத்தில் வைப்பதுதான் வசையின் முதல் வேலை. அந்த வேலைக்கு இலக்கணத்தில் ஆகுபெயர் என்று பெயர். பவணந்தியார் தம் நூலுக்கு இப்படி ஒரு பயன் உண்டென்று நினைத்திருக்க மாட்டார்.

இடம்

ஆறனுள் இதுவே பெரிது. மற்றவை இதனை அண்டிப் பிழைப்பவை.

தமிழ்நாட்டில் இதன் தலைமைச் சொல் பட்டிக்காட்டான். பட்டி ஆடுமாடு அடைக்குமிடம். காடு சொல்ல வேண்டியதில்லை. மிட்டாய்க் கடை முன்னால் வாய் பிளந்து நிற்பதே அவனுக்குப் பழமொழி ஒதுக்கிக் கொடுத்த வேலை. 1972-இல் 'பட்டிக்காடா பட்டணமா' படத்தில் சிவாஜி கணேசனே அவனுக்காக வாதாடி வென்றார். தீர்ப்பு திரையரங்குக்கு வெளியே செல்லுபடியாகவில்லை. அவன் தம்பி நாட்டுப்புறத்தானின் கதை வேறு. 'நாட்டுப்புறம்' பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து, நாட்டுப்புறவியல் என்று துறையாகி, பலருக்கு முனைவர் பட்டமும் வாங்கிக் கொடுத்துவிட்டது. பட்டிக்காட்டியல் என்றொரு துறையை எந்தப் பல்கலைக்கழகமும் தொடங்கவில்லை.

பேராக்கில் பட்டிக்காடு இல்லை. இங்கே இருந்தது எஸ்டேட். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்றைக்கும் அங்கே வேலி போட்டுக் காக்கப்படுகிறது. அந்த மரத்தின் சந்ததியைப் பராமரிக்கத்தான் தமிழர்கள் ஏற்றிவரப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி தம் ஊருக்குப் போய், தம் சாதிசனத்தையே திரட்டிக்கொண்டு வந்தார். 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை அது நடந்தது. அப்படி வந்தவர்களுக்கு லயத்தில் ஓர் அறை, பிள்ளைக்கு ஆயாக்கொட்டகை, கும்பிட மாரியம்மன் கோயில், படிக்க ஒரே அறையில் பள்ளிக்கூடம், குடிக்கக் கள்ளுக்கடை, கடன் எழுத மளிகைக்கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே அமைந்தன. வெளியே போகத் தேவை இராதபடி செய்த ஏற்பாடு அது. தேவை இராத மனிதர் சம்பளம் போட்ட மறுநாள் மட்டும் டவுனுக்கு வந்தார். டவுன்காரன் அவரைக் கண்டது அந்த ஒரு நாளில்தான்: புதுச்சட்டையில், கையில் காசோடு, கூட்டத்தைப் பார்த்த மகிழ்ச்சியில். மாதத்தில் ஒரு நாள் பார்த்ததை வைத்து மீதி நாளையும் கணித்துவிட்டான். 'எஸ்டேட்டு' என்ற வசை பிறந்தது அந்தக் கணக்கில்தான் என்பது எம் துணிபு.

அஃதேல், எஸ்டேட்டில் வாழ்ந்தார் எல்லாரும் எஸ்டேட்டுக்காரரோ எனின், அற்றன்று. பத்துகாஜா அருகே கெல்லி கோட்டை இருக்கிறது. கட்டத் தொடங்கியவர் வில்லியம் கெல்லி ஸ்மித். ஸ்காட்லாந்தில் கெல்லாஸ் என்னும் சிற்றூர்க்காரர். ஊர் நினைவாகத் தம் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். ரப்பர்க் காட்டின் நடுவே மாளிகை எழுப்பினார். தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார். அவர்களுக்குக் கோயிலும் கட்டிக் கொடுத்தார், கோயில் கூரையில் அவருக்கும் ஒரு சிலை நிற்கிறது என்று காட்டுவார்கள். 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது. காட்டில் குடியிருந்தவர், சிற்றூரில் பிறந்தவர், பட்டணத்தில் வீடு வேண்டாம் என்று காட்டையே தேடிப் போனவர். பட்டிக்காட்டானுக்குரிய இலட்சணம் அத்தனையும் பொருந்துகிறது. ஆயினும் அவர் துரை. அவருடைய சுவருக்குச் செங்கல் சுமந்தவன் எஸ்டேட்டுக்காரன். எனவே விதியை இப்படித் திருத்துகிறோம்: இடவாகுபெயர் அந்த இடத்துக்கு உடையவனைத் தொடாது; உழைத்தவனை மட்டுமே பற்றும்.

இவ்விதி தமிழுக்கு மட்டும் உரியதன்று. பழைய ரோமில் பெரிய பண்ணைக்கு வில்லா என்று பெயர். அங்கே வேலை செய்தவன் வில்லானுஸ். அச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போவதற்குள் முரடன், அயோக்கியன் என்று கறுத்து, கடைசியில் தமிழ் சினிமாவில் வந்து இறங்கியது. ஆகவே எம்.என். நம்பியார் கண்ணை உருட்டியபோதெல்லாம் சொல்லாராய்ச்சிப்படி நாம் பார்த்தது ஓர் எஸ்டேட்டுக்காரரை. பண்ணைக்கு உடையவன் இருந்த வில்லாவோ இன்றைக்கு விளம்பரத்தில் மேல்தட்டு வீடு. சொல்லில்கூட முதலாளி தப்பித்துக்கொண்டான். ரோமானியரின் இன்னொரு சொல் பாகானுஸ், நாட்டுப்புறத்தான் என்று பொருள். கிறிஸ்தவம் நகரங்களில் பரவியபின் அது 'வேதம் அறியாதவன்' ஆயிற்று. டச்சுக்காரர் உழவனுக்கு வைத்த பெயர் ஆங்கிலத்தில் மரியாதை தெரியாதவனுக்குப் பெயரானது. வடமொழி அலங்கார நூல்களோ கிராமியம் என்பதைக் காவியக் குற்றங்களில் ஒன்றாகவே எழுதி வைத்தன. அவர்கள் வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள்: ஆளை வையவில்லை, அவன் பேச்சுக்கு மதிப்பெண் குறைத்தார்கள்.

தோட்டத்தோடு காட்டையும் சேர்த்துக் கட்டிய சொல் இலங்கையில் உண்டு. மலையகத் தமிழரைத் 'தோட்டக்காட்டான்' என்றவர்களில் சிங்களரை முந்திக்கொண்டவர்கள் யாழ்ப்பாணத்தாரும் கொழும்புத் தமிழரும். தேயிலை விளைவது காட்டில் அன்று, காட்டை வெட்டிய இடத்தில். வெட்டியவர்களையே காட்டார் என்றார்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியபோது அச்சொல் பாதி வேலையை முன்பே முடித்து வைத்திருந்தது. யாழ்ப்பாணத்தார் பேராக்குக்கும் வந்தவர்கள்தாம். ரயில்வேயிலும் அரசு அலுவலகத்திலும் தோட்டத்துக் கிராணி நாற்காலியிலும் அமர்ந்தார்கள். 'தோட்டக்காட்டான்' அவர்களோடு கப்பலேறி வந்து இங்கே வேர் பிடிக்கவில்லை. காரணம் எளிது. இங்கே அந்த வேலைக்கு 'கூலி' இருந்தது, ஆங்கிலேயனே முத்திரை குத்திக் கொடுத்தது. 'கூலி' தொழில் அதிகாரத்தில் வரும்.

அடுத்தது உலு. மலாயில் ஆற்றின் மேற்பகுதிக்கு உலு என்று பெயர், கீழ்ப்பகுதிக்கு ஹிலிர். படகில் போன காலத்தில் அரசர் கடலுக்குப் பக்கத்தில் இருந்து வரி வாங்கினார். மேலே போகப்போக ஆள் குறைவு, அட்டை அதிகம். பேராக் அரச வரிசையில் ராஜா டி-ஹிலிர் என்றொரு உயர்ந்த பட்டம் உண்டு. ஹிலிர் பட்டமாயிற்று, உலு வசையாயிற்று. ஆறு என்னவோ ஒன்றுதான். இன்று தமிழன், சீனன், மலாய்க்காரன் மூவரும் 'ரொம்ப உலு' என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். நாட்டில் இன ஒற்றுமை குறைந்துவிட்டது என்று கவலைப்படுவோர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கடலுக்கு அப்பால் சரவாக்கில் காயான், கென்யா முதலிய மக்கள் தம்மைத் தாமே ஓராங் உலு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களிடம் போய் 'நீ உலு' என்றால், 'ஆமாம், எந்த ஆறு என்று கேட்கிறாயா?' என்பார்கள்.

ஈப்போவின் சந்தையில் ஹொக்கியன் சீனரின் 'சுவாகூ' விலை போகும்; மலை ஆமை என்று பொருள். மலாய்ப் பழமொழியோ கம்பத்துக்குள் நுழைந்த மானைச் சொல்லும். புதிய இடம் கண்டு திகைப்பவன் அந்த மான். இதனை உற்று நோக்குக. தமிழ்ப் பழமொழியில் திகைப்பவன் ஊரிலிருந்து பட்டணம் போனவன். மலாய்ப் பழமொழியில் திகைப்பது காட்டிலிருந்து ஊருக்கு வந்த மான். அந்த மானுக்கு நம் பட்டிக்காடே பட்டணம்.

பொருள்

இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு மஞ்சப்பை. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுக்கும் மஞ்சள் துணிப்பை, அதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தவருக்குப் பெயரானது. பிளாஸ்டிக் பையோடு நடந்தவன் நாகரிகன், துணிப்பையோடு நடந்தவன் மஞ்சப்பை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கிற்று. ஒரு வசைச்சொல்லை அரசாங்கம் செலவு செய்து மீட்ட அபூர்வமான நிகழ்ச்சி. பேராக்கில் அதற்கிணையாகத் தகரப்பெட்டியைச் சொல்லலாம். அதை மீட்க இன்னும் அமைச்சர் எவரும் முன்வரவில்லை.

குணம்

குணங்களில் மணம் ஒன்று. வசைக்குப் பயன்படுவது நாற்றம். ரப்பர்ப்பால் வெட்டுவது விடியுமுன். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். மங்கில் சேர்ந்த பாலை எடுத்துப் போனபின் வெட்டுவாயிலும் மங்கின் அடியிலும் சொட்டு நின்று தானே உறையும். ஒட்டுப்பால், கட்டிப்பால் என்று சொல்வார்கள். மறுநாள் அதை உரித்துச் சேர்க்க வேண்டும். எடைக்குக் காசு உண்டு. அதற்குள் அழுகிப்போன அந்த வாடை விரலில், பாவாடையில், பள்ளிப் புத்தகத்தில் ஏறும். சோப்புப் போட்டாலும் போகாது. டவுன் பள்ளிக்குப் போன தோட்டத்துப் பிள்ளைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வைத்த பெயர் அதிலிருந்துதான் வந்தது. அதை இந்நூல் உச்சரிக்காது. உச்சரித்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்து நல்ல நிலையில் இருக்கிறார்கள். அதே வாடையில் பிறந்த சரக்கு கடல் கடந்து போய், டயராகத் திரும்பி, ஈப்போத் தெருவில் ஓடியது. டயரை முகர்ந்து பார்த்து எவரும் வையவில்லை.

ஈப்போ சுத்தமான ஊரோ எனின், அதன் செல்வம் கிந்தாப் பள்ளத்தாக்குச் சேற்றை அலசி எடுத்த ஈயத்தில் வந்தது. ஊர்ப்பெயரோ ஒரு காட்டு மரத்தினுடையது. ஈப்போ மரத்தின் பால் நஞ்சு. ஊதுகுழல் அம்பின் முனையில் தடவி வேட்டையாடுவார்கள் ஓராங் அஸ்லி மக்கள். அம்மரம் ஒன்று ரயில் நிலையத்துக்கு முன்னாலேயே நிற்கிறது. ஒருவனைக் காட்டான் என்று வைகிற ஊர், காட்டு நஞ்சின் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு 1988-இல் மாநகரம் ஆனது. வள்ளுவரும் நாகரிகத்தை நஞ்சைக்கொண்டே அளந்தார்: நண்பர் நஞ்சு ஊற்றுவதைக் கண்டும் அதை உண்டு அமைகிறவரே நாகரிகத்தை விரும்புகிறவர் என்றார். அந்த அளவுகோலில் ஈப்போவுக்குப் பெயர்ப்பொருத்தம் குறைவில்லை.

தொழில்

கூலி, தமிழில் உழைப்புக்குக் கொடுக்கும் காசு. அதை ஆங்கிலேயன் வாங்கி, காசு பெறுபவனுக்கே பெயராக வைத்தான் என்பர் ஒரு சாரார். குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பர் இன்னொரு சாரார். இரண்டில் எது வென்றாலும் தோற்றவன் ஒருவனே. காசைக் கொடுக்காமல் பெயரை மட்டும் கொடுத்த நாட்களும் தோட்டக் கணக்குப் புத்தகத்தில் உண்டு. கிராணி, மண்டோர், கங்காணி ஆகியவையும் தொழிற்பெயர்களே. அவை வசையாகா, வைகிறவரின் பெயர்கள் ஆதலின்.

சினையும் காலமும்

சினைக்கு எண்ணெய்த்தலை போதும். காலத்துக்குப் பழைய பஞ்சாங்கம். இங்கே பெரியவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்று எதையும் கணக்கிடுவதுண்டு. அதைக் கேட்டுச் சிரிக்கும் பேரன், 1942-க்கும் 1945-க்கும் இடையில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாத தோட்டத்தார் எத்தனை ஆயிரம் என்று கேட்டுப் பார்க்கட்டும். இவ்வதிகாரத்தை இத்துடன் முடிக்கிறோம்.

விலக்கு

'ஜாகுன்' என்ற சொல் ஈப்போ இளைஞர் வாயில் மிட்டாய் போலப் புழங்குகிறது. எஸ்கலேட்டரில் தடுமாறினால் ஜாகுன், கைப்பேசியைப் பார்த்து வியந்தால் ஜாகுன். ஜாகுன் என்பது தீபகற்பத்தின் தென்பகுதியில் வாழும் ஓராங் அஸ்லி மக்களின் பெயர். பேராக்கின் செமாய், தெமியார் மக்கள் வேறொரு இழிபெயரைப் பல காலம் சுமந்தார்கள். அரசு ஆவணங்களில் அதை நீக்கித்தான் ஓராங் அஸ்லி என்ற பெயரை வைத்தார்கள். ஆகுபெயரில் ஆளை எடுத்துவிட்டு ஓர் இடத்தையோ பையையோ வைக்கிறோம். இங்கே வைக்கப்படுவது இன்னொரு மனிதக் கூட்டம். இதனை நம் ஆறு வகையில் எதிலும் சேர்க்க மாட்டோம். எஸ்டேட்டு என்று கேட்டு உள்ளுக்குள் எரிந்தவனே மறுமூச்சில் ஜாகுன் என்கிறான் என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.

வழுவமைதி

இலக்கணத்தில் பிழையாயினும் வழக்கில் நிலைத்தவற்றை வழுவமைதி என்று ஏற்பது மரபு. 'எஸ்டேட்டு' இன்று அப்படிப்பட்டது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர் காசையே திரட்டித் தோட்டங்களை வாங்க வழி செய்தார். எல்லாவற்றையும் வாங்க முடியவில்லை. ரப்பர் போய் செம்பனை வந்தது. அதற்கு அத்தனை ஆள் வேண்டாம். லயங்கள் காலியாயின. மக்கள் புந்தோங்குக்கும் மெங்லெம்புவுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தார்கள். இடம் போய்விட்டது, இடவாகுபெயர் போகவில்லை. எஸ்டேட்டைக் கண்ணால் காணாத பிள்ளையைப் பார்த்து 'எஸ்டேட்டு மாதிரி பேசாதே' என்று, எஸ்டேட்டைக் கண்ணால் காணாத ஆசிரியர் சொல்கிறார்.

இதற்குத் துணைச்சான்று பள்ளிப் பலகைகள். நாட்டிலேயே தமிழ்ப்பள்ளிகள் மிகுதியாக உள்ள மாநிலம் பேராக், 130-க்கும் மேல். அவற்றுள் பலவற்றின் பெயரில் 'லாடாங்', அதாவது தோட்டம், இன்னும் நிற்கிறது. தோட்டம் விற்கப்பட்டிருக்கும், பள்ளியே வேறிடம் போயிருக்கும், பெயர் மட்டும் கூடவே வரும்.

இன்னொன்று சொல்லாவிட்டால் இந்த நூல் முற்றுப்பெறாது. தோட்டத்தை விட்டு வந்தவர் கடன் வாங்கி வீடு வாங்கும் இடத்துக்குத் தாமான் என்று பெயர். தாமான் என்றால் மலாயில் தோட்டம். ஆங்கிலத்தில் சொன்னால் அதுவும் ஓர் எஸ்டேட்தான், ஹவுசிங் எஸ்டேட். மாதத் தவணை முப்பது வருடம்.

தொலைவு

தொல்காப்பியம் திசைச்சொல் என்பதைச் செந்தமிழ் நிலத்துக்கு வெளியே பன்னிரண்டு நிலத்தில் வைத்தது. செந்தமிழ் நிலம் எது என்ற இடத்தில்தான் சிக்கல். வைகைக்கு வடக்கு, மருதயாற்றுக்குத் தெற்கு என்றனர் சிலர். இல்லை, பாண்டிநாடே என்றனர் வேறு சிலர். நடுவிடம் எது என்பதை எழுதுகிறவன் நின்ற இடம் தீர்மானித்திருக்கிறது. பேராக்கிலும் அதே நிலை. தோட்டத்தின் கடைசி டிவிஷன்காரனை ஆபீஸ் டிவிஷன்காரன் காட்டான் என்பான். அவனைச் சுங்கை சிப்புட் கடைத்தெரு எஸ்டேட்டு என்னும். சுங்கை சிப்புட்டை ஈப்போ உலு என்னும். ஈப்போவைக் கோலாலம்பூர், 'நல்ல ஊர், கோழியும் தவ்கேவும் சாப்பிடலாம்' என்னும். வசையை உணவாகப் பரிமாறுவது தலைநகரத்தின் பண்பு. சிங்கப்பூருக்குக் கோலாலம்பூரே கொஞ்சம் கம்பம்தான். அந்தச் சிங்கப்பூருக்குள்ளும் உலு உண்டு, எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடக்க வேண்டிய இடத்துக்கு அப்படிச் சொல்கிறார்கள்.

ஒரு படி மேலிருப்பவனே வைகிறான் என்பதைக் காண்க. இரண்டு படி மேலிருப்பவனுக்குக் கீழே இருவரும் ஒன்றாகத் தெரிவார்கள். வைய மெனக்கெட மாட்டான். நேற்று அந்தப் பேருந்தில் ஏறியவனுக்குத்தான் இன்று அதில் வந்து இறங்குபவனைக் கண்டால் பதைக்கிறது. தோட்டத்தாரும் டவுனுக்குப் பெயர் வைக்கத்தான் செய்தார்கள்: டவுன் காத்து பட்டவன், அட்டையைக் கண்டு அலறுகிறவன். அந்தச் சொற்கள் தோட்டத்து வாயிலைத் தாண்டவில்லை. சுமந்துகொண்டு போக வேண்டியவன் டவுனில் இறங்கியதும் கட்சி மாறிவிட்டான்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் உரையாடல். களம் புந்தோங், காலம் தீபாவளிக்கு மறுநாள். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மருமகன்பிள்ளை, பால் வெட்டி ஓய்ந்த அத்தை வீட்டில் முறுக்கைக் கடித்துக்கொண்டு சொல்கிறான்:

"என்ன அத்தை, இன்னும் இங்கதானா? சரியான உலு லா இது."

அத்தை கச்சாங் பூத்தே டின்னை மூடிவைத்துவிட்டு:

"ஆமாய்யா. உங்கப்பன் எந்த டிவிஷன்ல பெரட்டுக்கு நின்னான்னு போன் போட்டுக் கேட்டுட்டு, அப்புறம் பேசு. மேல் டிவிஷன்னு சொன்னா நம்பாத. கீழ் டிவிஷன்."